கீப்பருக்குன்னு ஒரு அரை மணி நேரம்

(ஒலி எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டு, திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் குறைத்திருக்கிறோம்.)

போன எபிசோடுல சுழற்பந்து பத்திப் பேசினோம், ஞாபகம் இருக்கும். அதைக் கேட்டுட்டு பாளையங்கோட்டையிலிருந்து ஒரு அம்மா எனக்கு போன் பண்ணினாங்க. அவங்க பையனுக்கு 12 வயசு. ஒரு பயிற்சி முகாமுக்குப் போறான், அங்கே அவன்தான் விக்கெட் கீப்பர்.

அந்த அம்மா கேட்டது ஒரே ஒரு கேள்வி. "அண்ணாச்சி, இவனைக் கீப்பிங்கை விட்டுரச் சொல்லட்டுமா?"

விஷயம் என்னன்னா, அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை ஒரு 20 ஓவர் மேட்ச். எதிரணிக்கு பை ரன்னாவே 17 போயிருக்கு. ஒரு ஸ்டம்பிங்கும் விட்டுட்டான். 6 ரன்ல தோத்துட்டாங்க. வேன்ல திரும்பி வரும்போது வழி முழுக்க கூட இருந்த பசங்க அவனைத்தான் சொல்லிக்கிட்டே வந்திருக்காங்க. வீட்டுக்கு வந்து ஒண்ணும் சொல்லலை. வலது கை மோதிர விரல் வீங்கியிருந்ததை ரெண்டு நாள் மறைச்சு வெச்சிருக்கான். "சோத்தைப் பிசையும்போதுதான் பார்த்தேன் அண்ணாச்சி, நாலு விரலை வெச்சுப் பிசையுதான்"னு சொன்னாங்க.

அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்த எபிசோடு. போன்ல பத்து நிமிஷத்துல சொல்லி முடிக்க முடியலை.

முதல்ல என்னைப் பத்தி ஒரு வார்த்தை. நான் சான்றிதழ் வாங்கின கோச் கிடையாது. 15 வருஷம் கிளப்புக்கும் லீக்குக்கும் கீப்பிங் பண்ணினவன். எனக்குக் கீப்பிங்னு யாரும் தனியா சொல்லித் தந்தது இல்லை. அதுக்குச் சாட்சியா என் வலது சுண்டு விரல் இன்னிக்கும் வளைஞ்சுதான் இருக்கு. அதனால இன்னிக்குச் சொல்றதுல பாதி, நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது.

பையன்கிட்ட போனைக் குடுக்கச் சொல்லிக் கேட்டேன். "எய்யா, முகாம்ல உனக்குக் கீப்பிங்குக்குன்னு என்ன பயிற்சி தர்றாங்க?" கொஞ்ச நேரம் யோசிச்சான். "நெட்ஸ் முடிஞ்சதும் ஃபீல்டிங் பிராக்டிஸ் நடக்கும் சார். அப்ப நான் ஸ்டம்ப் பக்கத்துல நின்னு த்ரோ வாங்கி கோச்கிட்ட குடுப்பேன்."

அவ்வளவுதான். வாரத்துக்கு மூணு நாள், நாளுக்கு ரெண்டரை மணி நேரம். அதுல கீப்பிங் பயிற்சின்னு ஒரு நிமிஷம்கூட இல்லை. இதுல கோச்சைக் குத்தம் சொல்லவும் எனக்கு மனசு வரலை. நாப்பது பசங்க, ஒரு கோச். பேட்டிங் பசங்க இருபது பேர், பந்து வீசுறவங்க பதினஞ்சு பேர், கீப்பர் ரெண்டு பேர். யாருக்கு நேரம் போகும்னு நமக்கே தெரியும்.

கணக்குப் போட்டுப் பாருங்க

20 ஓவர் மேட்ச்ல ஒரு பவுலர் அதிகபட்சம் 4 ஓவர், அதாவது 24 பந்து வீசுவார். பேட்ஸ்மேன் முதல் பந்துலேயே அவுட் ஆனா போய் உட்கார்ந்துடலாம். கீப்பர்? 120 பந்து. ஒவ்வொரு பந்துக்கும் ஒரு தடவை குத்தவச்சு உட்கார்ந்து எழுந்திரிக்கணும். 50 ஓவர்னா 300 தடவை. டெஸ்ட்ல ஒரு முழு நாள்னா 540. இது போக, ஃபீல்டர் பந்தை எடுக்கும் ஒவ்வொரு தடவையும் ஸ்டம்புக்கு ஓடி வரணும்.

மைதானத்துல எல்லாரையும்விட அதிகமா பந்தைச் சந்திக்கிறவன் அவன். பயிற்சியில எல்லாரையும்விடக் குறைவா நேரம் கிடைக்கிறதும் அவனுக்குத்தான். பிரச்சினையோட வேர் இங்கேதான் இருக்கு.

நம்ம ஊர்ல கீப்பர் எப்படி உருவாகிறான்னும் உங்களுக்குத் தெரியும். அறுப்பு முடிஞ்ச வயல்ல டென்னிஸ் பந்துல ஆடுவோம். வேகமாப் போடுறவன் பவுலர், ஓங்கி அடிக்கிறவன் பேட்ஸ்மேன். மிச்சம் நிக்கிறவன்ல ஒருத்தனைப் பார்த்து, "ஏல, நீ பின்னாடி நில்லு". அதுல தப்பு ஒண்ணும் இல்லை. தோனியே ராஞ்சியில ஸ்கூல்ல ஃபுட்பால் கோல்கீப்பரா இருந்தவர்தான். அங்கேருந்து கூப்பிட்டுத்தான் கிரிக்கெட்ல கிளவுஸ் மாட்டி விட்டாங்க. எப்படி வந்தோம்ங்கிறது முக்கியம் இல்லை. வந்த பிறகு யாராவது சொல்லித் தர்றாங்களாங்கிறதுதான் முக்கியம்.

"அனிச்சையா பிடிச்சான்"னு சொல்றது சரியா?

டிவியில கீப்பர் ஒரு எட்ஜைப் பிடிச்சா, "என்னா ரிஃப்ளெக்ஸ்"னு சொல்வோம். ஸ்டம்புக்குக் கிட்ட நின்னு பிடிக்கிற கேட்ச்ல அது முழுசா உண்மை இல்லை.

ஒரு ஸ்பின்னரோட பந்து தரையில பட்டு எழும்பிய பிறகு, மணிக்குச் சுமார் 65 கிலோமீட்டர் வேகத்துல வருதுன்னு வெச்சுக்குவோம். நொடிக்கு 18 மீட்டர். பேட்டுக்கும் கீப்பரோட கிளவுஸுக்கும் நடுவுல ரெண்டு மீட்டர் இருக்கும். பேட்ல உரசின பந்து கைக்கு வர ஆகும் நேரம் சுமார் 0.11 நொடி. கண்ணால ஒண்ணைப் பார்த்து அதுக்கு மனுஷ உடம்பு அசையறதுக்கு ஏறக்குறைய 0.2 நொடி ஆகும்.

அதாவது உரசினதைப் பார்த்துக் கையை நகர்த்த நேரமே கிடையாது. கை ஏற்கெனவே சரியான இடத்துல இருந்தா பந்து வந்து உள்ளே விழும். இல்லைன்னா விழாது. நல்ல கீப்பர், பேட்ஸ்மேன் விட்டுடுவார்னு நம்பியே ஒவ்வொரு பந்தையும் எடுக்கத் தயாரா இருப்பார். எட்ஜ் எடுத்தா கொஞ்சம்தான் திசை மாறும். மெத்துன்னு திறந்திருக்கிற கை அந்தக் கொஞ்சத்தைத் தாங்கிக்கும்.

இதைப் புரிஞ்சுக்கிட்டா, "உனக்கு ரிஃப்ளெக்ஸ் பத்தலை"ன்னு ஒரு பையன்கிட்ட சொல்லவே மாட்டோம். காலும் தலையும் கையும் எங்கே இருந்துச்சுன்னுதான் கேட்போம். அது மூணும் சொல்லித் தரக்கூடிய விஷயம், பிறவிக் குணம் இல்லை.

உட்காருறதும் எழுந்திரிக்கிறதும்

கால் ரெண்டும் தோள் அகலத்துக்கு. உடம்போட பாரம் குதிகால்ல இல்லாம முன்பாதத்துல இருக்கணும். வலது கை பேட்ஸ்மேனுக்கு ஸ்பின்னர் வீசும்போது, கீப்பரோட இடது கால் ஆஃப் ஸ்டம்ப் கோட்டுல இருந்தா பந்து நல்லாத் தெரியும். கிளவுஸோட பின்பக்கம் தரையைத் தொடணும், உள்ளங்கை பவுலரைப் பார்த்துத் திறந்திருக்கணும்.

இதுக்கு அப்புறம் வர்ற ஒரு விஷயத்துலதான் நம்ம பக்கத்துப் பசங்க பெரும்பாலும் தப்பு பண்றாங்க. பந்து தரையில படுறதுக்கு முன்னாடியே எழுந்துடுவாங்க. பந்து எழும்பும்போது அதுகூடச் சேர்ந்து எழுந்திரிக்கணும். முன்னாடியே எழுந்தா, தாழ்வா வர்ற பந்து காலுக்கு நடுவுல போயிடும். மேலே போன கையைக் கீழே கொண்டு வர்றது கஷ்டம். கீழே இருக்கிற கையை மேலே கொண்டு போறது சுலபம்.

ஏன் நம்ம பசங்களுக்கு இந்தப் பழக்கம்? மேட். நம்ம மாவட்டத்துல பல பசங்க தேங்காய் நார் மேட் விரிச்ச விக்கெட்லதான் ஆட ஆரம்பிக்கிறாங்க. மேட்ல பந்து நல்லா எழும்பும். வருஷக்கணக்கா அதுலேயே நின்னா, உடம்பு தானாகவே சீக்கிரம் எழுந்திரிக்கப் பழகிடும். நான் முதல் தடவை சங்கர் நகர் மைதானத்துல, மண் விக்கெட்ல கீப்பிங் பண்ணின நாளை மறக்க மாட்டேன். தாழையூத்து சிமெண்ட் ஆலையை ஒட்டின மைதானம். இன்னிக்கு 2016-லேருந்து டிஎன்பிஎல் நடக்கிற இடம்னு எல்லாருக்கும் தெரியும். அன்னிக்கு என் கிளவுஸுக்குக் கீழே நாலு பந்து போச்சு. விக்கெட்டைத்தான் திட்டினேன். எழுந்திரிக்கிற நேரம்தான் தப்புன்னு எனக்குப் புரிய ரெண்டு சீசன் ஆச்சு. பக்கத்துல ஒரு கீப்பிங் கோச் இருந்திருந்தா ரெண்டு நிமிஷத்துல சொல்லியிருப்பார்.

விரல் எந்தப் பக்கம் பார்க்கணும்?

விரல் நுனி ஒருநாளும் பந்தைப் பார்க்கக் கூடாது. இடுப்புக்குக் கீழே வந்தா விரல் தரையைப் பார்க்கணும். நெஞ்சுக்கு மேலே வந்தா வானத்தைப் பார்க்கணும். பக்கவாட்டுல வந்தா அந்தப் பக்கம் திரும்பணும். பந்து உள்ளங்கையில, விரல்கள் தொடங்குற இடத்துல வந்து விழணும்.

விரல் நுனியில நேரா பட்டா மேல் கணு மடங்கி, அங்கே இருக்கிற தசைநார் அறுந்து போகலாம். நுனி தொங்கிடும், தானா நிமிர்த்த முடியாது. 'மாலட் ஃபிங்கர்'னு டாக்டர்கள் சொல்வாங்க. உடனே பார்த்தா பல வாரம் அசையாமக் கட்டு போட்டு வெச்சுச் சரி பண்ணலாம். விட்டா அப்படியே நின்னுடும். தயவுசெஞ்சு சுளுக்கு எடுக்கிறவங்ககிட்ட போய் இழுத்து விடாதீங்க. வீக்கம் இருந்தா எக்ஸ்ரே எடுங்க. நான் எடுக்கலை, அதான் என் சுண்டு விரல் இப்படி இருக்கு.

கிளவுஸும் ஒரு காரணம். அண்ணன் கிளவுஸைத் தம்பி போட்டா விரல் நுனிக்கும் கிளவுஸ் நுனிக்கும் இடைவெளி வந்துடும், பந்து எங்கே படுதுன்னு கைக்குத் தெரியாது. சரியான அளவும் உள்ளே மெல்லிசான இன்னரும் வேணும். இன்னர் வேர்வையில நனைஞ்சா மாத்த இன்னொரு ஜோடி வேணும். பந்தோட எடையையும் பாருங்க. 13 வயசுக்குக் கீழே உள்ள பசங்களுக்கான பந்து 133-லேருந்து 144 கிராம். பெரியவங்க பந்து 156-லேருந்து 163 கிராம். பெரியவங்க ஆடித் தேய்ஞ்ச பந்தைச் சின்னப் பசங்களுக்குக் குடுக்கிற வழக்கம் பல இடத்துல இருக்கு. அது சிக்கனம் இல்லை, விரலுக்குச் சேதம்.

லெக் சைடும் ஸ்டம்பிங்கும்

கீப்பிங்ல கஷ்டமான வேலை எதுன்னு கேட்டா, ஸ்டம்புக்குக் கிட்ட நின்னு லெக் சைடு பந்தை எடுக்கிறது. காரணம், நடுவுல பேட்ஸ்மேனோட உடம்பு மறைச்சிடும். கொஞ்ச நேரம் பந்து கண்ணுக்கே தெரியாது. பவுலர் கையை விட்டுப் பந்து வரும்போதே கோட்டையும் நீளத்தையும் படிச்சு, அது எந்த இடத்துல வெளியே வரும்னு கணிச்சு, அங்கே போய்க் காத்திருக்கணும். சீக்கிரம் நகர்ந்தா பந்து உள்ளே திரும்பிடும், லேட்டா நகர்ந்தா கை எட்டாது. இது நூத்துக்கணக்குல எடுத்து எடுத்துத்தான் வரும்.

தமிழ்நாட்டுக் கீப்பருக்கு இது ரொம்ப முக்கியம். வெங்கட்ராகவன்லேருந்து அஸ்வின், வாஷிங்டன் சுந்தர், சாய் கிஷோர் வரைக்கும் நம்ம பவுலிங்கோட பலமே ஸ்பின். இங்கே கீப்பர் பாதி நேரத்துக்கு மேல ஸ்டம்ப் பக்கத்துலதான் நிக்கணும்.

ஸ்டம்பிங்ல சட்டமும் தெரிஞ்சிருக்கணும். பந்து பேட்ல அல்லது பேட்ஸ்மேன் மேல படுற வரைக்கும், இல்லைன்னா ஸ்டம்பைத் தாண்டுற வரைக்கும், கீப்பர் முழுசா ஸ்டம்புக்குப் பின்னாடி இருக்கணும். கிளவுஸ் முன்னாடி போய்ப் பந்தை எடுத்தா நோ-பால், ஸ்டம்பிங் செல்லாது. வைடு பந்துல ஸ்டம்பிங் பண்ணலாம், நோ-பால்ல பண்ண முடியாது. பசங்க விடுற ஸ்டம்பிங்ல பாதி, பந்து கைக்கு வர்றதுக்குள்ள பெயில்ஸைப் பார்க்கப் போறதால விடுறது. முதல்ல பந்து, அப்புறம்தான் ஸ்டம்ப்.

இங்கே ஒரு கேள்வி வரும். "தோனி கையைப் பின்னாடி இழுக்கவே இல்லையே, பிடிச்ச வேகத்துலேயே அடிச்சிடுவாரே?" உண்மைதான். பந்து வரும்போது கையைக் கொஞ்சம் பின்னாடி விட்டுக் குடுத்து வாங்குறதுதான் பாடம். தோனி அதைத் தன் வழியில சுருக்கிட்டார். அவ்வளவு மிருதுவான கை இருந்ததால முடிஞ்சுது. 12 வயசுல முதல்ல பாடம் படிங்க, சுருக்குறதை அப்புறம் பார்த்துக்கலாம்.

தனிக் கோச் என்ன மாத்துவார்?

ஒரு உதாரணம் சொல்றேன். இங்கிலாந்தோட மாட் ப்ரையர். 2007-ல லார்ட்ஸ்ல முதல் டெஸ்ட்லேயே சதம் அடிச்சார். ஆனா கீப்பிங்ல தவறு மேல தவறு. அந்த வருஷக் கடைசியில இலங்கைத் தொடர் முடிஞ்சதும் டெஸ்ட் அணியிலேருந்து எடுத்துட்டாங்க. புரூஸ் ஃபிரெஞ்ச்னு ஒரு முன்னாள் கீப்பர், இங்கிலாந்துக்கு 16 டெஸ்ட் ஆடினவர், கீப்பிங்குக்குன்னே தனிக் கோச்சா இருந்தார். அவரோட சேர்ந்து ப்ரையர் அடிப்படையிலேருந்து உழைச்சார். 2008 டிசம்பர்ல டெஸ்டுக்குத் திரும்பி வந்தார். எந்த மைதானம் தெரியுமா? நம்ம சேப்பாக்கம். பந்து திரும்புற விக்கெட்ல ரெண்டு ஸ்பின்னருக்குக் கீப்பிங். கடைசி நாள்ல டெண்டுல்கர் சதம் அடிச்சு நாம ஜெயிச்ச அதே மேட்ச். அதுக்கப்புறம் 2014 வரைக்கும் அவர் டெஸ்ட் ஆடினார். தேசிய அணி வரைக்கும் போன ஒருத்தருக்கே தனியா சொல்லித் தர ஆள் தேவைப்பட்டா, 12 வயசுப் பையனுக்குத் தேவைப்படாதா?

இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. இன்னிக்குக் கீப்பிங் மட்டும் தெரிஞ்சா அணியில இடம் கிடைக்காது. தமிழ்நாட்டுக் கீப்பர்கள்ல பரத் ரெட்டி 1979-ல இங்கிலாந்துல 4 டெஸ்ட் ஆடினார், டெஸ்ட் அதோட சரி. தினேஷ் கார்த்திக் 2004 செப்டம்பர்ல, 19 வயசுல, லார்ட்ஸ்ல முதல் ஒருநாள் மேட்ச்லேயே மைக்கேல் வாகனைப் பண்ணின ஸ்டம்பிங் இன்னிக்கும் பேசப்படுது. ஆனா அதே வருஷம் டிசம்பர்ல தோனி வந்துட்டார். அப்புறம் கார்த்திக் பேட்டிங்கை வளர்த்துத்தான் திரும்பத் திரும்ப உள்ளே வந்தார். 2007-ல இங்கிலாந்துல டெஸ்ட் தொடரை ஜெயிச்சப்போ தொடக்க ஆட்டக்காரரா நின்னது அவர்தான். கோயம்புத்தூர் ஜெகதீசன் 2022 நவம்பர்ல அருணாச்சலப் பிரதேசத்துக்கு எதிரா 277 அடிச்சார். 2025-ல ரிஷப் பந்த்துக்குக் காலில் அடிபட்டப்போ டெஸ்ட் அணிக்கு அழைப்பு வந்துது.

அதனால பேட்டிங் வேணும். ஆனா பேட்டிங்குக்காகக் கீப்பிங்கை அப்படியே விட்டுட்டா, அந்தக் கடனை வட்டியோட கட்டப்போறது அந்தப் பையன் விரலும் மனசும்தான்.

அரை மணி நேரத்துல என்ன செய்யலாம்?

திருநெல்வேலியில தனிக் கீப்பிங் கோச்சுக்கு எங்கே போறதுன்னு கேட்பீங்க. கோச் கிடைச்சா நல்லது. பழைய லீக் கீப்பர் ஒருத்தர் உங்க தெருவுலேயே இருப்பார், விரலைப் பார்த்தாலே கண்டுபிடிச்சிடலாம். அவர்கிட்ட வாரத்துக்கு ஒரு நாள் கேளுங்க. மத்த நாள்ல வீட்டுலேயே செய்யலாம்.

முதல் 5 நிமிஷம், சுவரும் டென்னிஸ் பந்தும். கிளவுஸ் வேண்டாம். மூணு மீட்டர் தள்ளி உட்கார்ந்த நிலையில சுவத்துல எறிஞ்சு ரெண்டு கையால பிடிக்கணும். அப்புறம் ஒத்தக் கை. கிளவுஸ் இல்லாதப்போ கை தானா மெத்துன்னு வாங்கக் கத்துக்கும்.

அடுத்த 5 நிமிஷம், எழுந்திரிக்கிற பயிற்சி. யாராவது முன்னாடி நின்னு பந்தைத் தரையில தட்டிப் போடணும், ஒண்ணு தாழ்வா, ஒண்ணு உயரமா. பந்து எழும்பும்போதுதான் பையன் எழும்பணும். போடுறவங்களுக்குக் கிரிக்கெட் தெரிஞ்சிருக்க வேண்டிய அவசியமே இல்லை, அம்மாவே போடலாம்.

அடுத்த 10 நிமிஷம், லெக் சைடு. ஸ்டம்புக்கு முன்னாடி ஒரு நாற்காலி, அது மேல ஒரு போர்வை. அதுதான் பேட்ஸ்மேன். பத்து எட்டு தள்ளி நின்னு, போர்வைக்குப் பின்னால மறைஞ்சு போற மாதிரி பந்தைப் போடணும். எடுத்த ஒவ்வொரு பந்தையும் ஸ்டம்புக்குக் கொண்டு வரணும்.

கடைசி 10 நிமிஷம், பின்னாடி நின்னு ரெண்டு பக்கமும் கால் நகர்த்திப் பிடிக்கிறதும், த்ரோ வாங்குறதும். தாவுறதைக் கடைசியா வெச்சுக்கோங்க. கால் போனா தாவ வேண்டிய அவசியமே பாதி இருக்காது.

அரை மணி நேரம் போதும். களைச்சதும் தலை முன்னாடியே தூக்க ஆரம்பிக்கும், அதுக்கு மேல பண்ணினா தப்பைத்தான் பழகுவோம்.

முகாம் கோச்சுக்கும் ஒரு வேண்டுகோள். நெட்ஸ்ல கீப்பர் நிக்க முடியாததுக்குக் காரணம், பின்னாடி வலை ஒட்டி இருக்கும். ஸ்டம்பை ரெண்டு எட்டு முன்னாடி நகர்த்திட்டா இடம் கிடைச்சிடும். ஸ்பின் வீசுற நெட்ல கீப்பரை நிக்க வைங்க. நேரமும் தனியா வேண்டாம், செலவும் கிடையாது.

ஹெல்மெட், முழங்கால்

இதைச் சொல்லாம முடிக்க மாட்டேன். ஸ்டம்புக்குக் கிட்ட நிக்கிற பையன் கண்டிப்பா ஹெல்மெட் போடணும். தென்னாப்பிரிக்காவோட மார்க் பவுச்சர், டெஸ்ட்ல 555 பேரை அவுட் ஆக்கின கீப்பர். 2012 ஜூலை 9-ம் தேதி இங்கிலாந்துல டாண்டன் மைதானத்துல ஒரு பயிற்சி மேட்ச். ஹெல்மெட் இல்லாம இம்ரான் தாஹிர் பந்துக்கு நின்னார். பந்து ஸ்டம்பைத் தட்டினதும் பெயில் பறந்து வந்து இடது கண்ணுல பட்டுது. மறுநாளே ஓய்வு அறிவிச்சிட்டார். நம்ம சபா கரீமுக்கும் 2000-ல டாக்காவுல கும்ப்ளே பந்து வலது கண்ணுல பட்டு, அவரோட கிரிக்கெட் வாழ்க்கையே சுருங்கிப் போச்சு. அவங்களைவிட உங்க பையன் கை வேகமா இருக்காது.

முழங்காலைப் பொறுத்தவரை, 10-லேருந்து 15 வயசுக்குள்ள உயரம் வேகமா வளரும்போது, முழங்கால் சில்லுக்குக் கீழே ஒரு மேடு மாதிரி வந்து வலிக்கலாம். 'ஆஸ்குட் ஸ்லாட்டர்'னு பேர். வளர்ச்சி அடங்கும்போது பெரும்பாலும் சரியாயிடும். ஆனா வலியோட 120 தடவை உட்காரக் கூடாது. டாக்டரைப் பார்த்துட்டு, உட்காருற பயிற்சியைக் குறைச்சு, நின்னபடி பிடிக்கிற பயிற்சியை மட்டும் செய்யட்டும். "சோம்பேறி"ன்னு மட்டும் சொல்லாதீங்க.

ஒரு நோட்டு

அந்தப் பையன் கதைக்கு வர்றேன். எக்ஸ்ரே எடுத்தாங்க, எலும்பு முறியலை. ரெண்டு வாரம் ஓய்வு. அந்த ஓய்வுல அவனுக்கு ஒரு வேலை குடுத்தேன். ஒரு நோட்டுல மூணு கட்டம் போடணும்: கால், தலை, கை. அந்த மேட்ச்ல விட்ட ஒவ்வொரு பந்தும் எதனால போச்சுன்னு ஞாபகப்படுத்தி எழுதணும்.

எழுதிக் கொண்டு வந்ததைப் பார்த்தேன். 17 ரன்ல 8 ரன், மேட் முடியுற விளிம்புல ரெண்டாவது தடவை பட்டுத் திசை மாறிப் போன ரெண்டு பவுண்டரி. அதை யாரும் தடுத்திருக்க முடியாது. ஒரு பவுண்டரி லெக் சைடுல. மிச்சம் 5 ரன், சீக்கிரம் எழுந்ததால. வேன்ல எல்லாரும் "உன்னாலதான்"னு சொன்ன 17, நோட்டுல எழுதினப்போ 9 ஆயிடுச்சு. அந்த ஒன்பதுக்கும் காரணம் தெரிஞ்சிருந்துது. அவன் முகத்துல அப்பதான் கொஞ்சம் தெளிச்சி வந்துது.

ஆறு வாரம் கழிச்சு இன்னொரு மேட்ச். நானும் போயிருந்தேன். பை ரன் 6. ஒரு ஸ்டம்பிங்கை மறுபடியும் விட்டான். ஓவர் முடிஞ்சு எல்லைக்கோட்டுப் பக்கம் வந்தப்போ என்னைப் பார்த்து, "கால் சரி, தலை சரி, கை முந்திருச்சு சார்"னு சொல்லிட்டுத் திரும்பி ஓடிட்டான். ஹெல்மெட்டுக்குள்ள முகம் சரியாத் தெரியலை. ஆனா விட்டது எதனாலன்னு அவனுக்கே தெரிஞ்சிருக்கு.

அந்த அம்மாவுக்கு நான் சொன்ன பதில் இதுதான். கீப்பிங்கை விடணுமா வேண்டாமான்னு இப்போ முடிவு பண்ணாதீங்க. ஒரு வருஷம் ஒழுங்கா சொல்லிக் குடுத்துட்டு அப்புறம் அவன்கிட்டயே கேளுங்க. சொல்லித் தராம ஒருத்தனை நிக்க வெச்சுட்டு, அவனுக்கு வரலைன்னு நாம சொல்லக் கூடாது.

இப்பல்லாம் சாயங்காலம் அவங்கதான் போர்வைக்கு அந்தப் பக்கம் நின்னு பந்து போடுறாங்களாம். "எனக்கே தோள் வலிக்கு அண்ணாச்சி"ன்னு போன வாரம் சொன்னாங்க.

உங்க வீட்டுல ஒரு கீப்பர் இருந்தா, நாளைக்கு ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.